தலைவர் தொடாத தாலி

தாலித் தட்டைக் கட்சித் தலைவர் ஞானதாஸின் முன்னால் நீட்டினார் தணிகாசலம். தலைவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"பொண்ணோட அம்மா எடுத்துக் குடுக்கட்டும்."

மயிலாப்பூர் மண்டபம் மொத்தமும் பார்த்துக்கொண்டிருந்தது. தணிகாசலம் மந்தைவெளியில் வட்டச் செயலாளர். தலைவருக்குக் கொடி கட்டியே நரைத்தவர். மகள் எழிலரசியின் கல்யாணப் பத்திரிகையில் 'தலைவர் தாலி எடுத்துக்கொடுக்க' என்று தங்க எழுத்தில் அச்சடித்திருந்தார்.

"தலைவரே, நீங்கதான்..."

"அவங்களே குடுக்கட்டும், தணிகாசலம்."

அம்மா எடுத்துக் கொடுத்தாள். மாப்பிள்ளை கட்டினான். அட்சதைகூடப் போடாமல் தலைவர் மேடை ஓரத்தில் நின்றார். மைக்கை நீட்டினார்கள், தலையாட்டிவிட்டார். காபி வந்தது, திருப்பி அனுப்பினார். காரில் ஏறிப் போய்விட்டார்.

மாப்பிள்ளையின் சித்தப்பா வேதாசலம் மெல்லப் பக்கத்தில் வந்தார்.

"இன்னா சம்பந்தி, உங்காளு இப்டி பண்ணிட்டாரு? ராகுகாலத்துலயே நூறு கல்யாணம் நடத்தி வெச்சேன்னு மேடைக்கு மேடை பேசுவாரு. நம்ம ஊட்டுத் தாலின்னா மட்டும் கசக்குதா?"

"அவரு பாப்பா ஜெசிகாவுக்கு உடம்பு சரியில்ல. ரத்தத்துல கேன்சர். அஞ்சு வயசுதான். ஆஸ்பத்திரில கீது."

"அப்ப வராமலே இருந்துக்கலாமே. மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கினு நின்னாரு, வாடகை வாங்க வந்தவரு மாரி."

தணிகாசலத்துக்கு எதிர்த்துப் பேசப் பயம். நிச்சயம் முடிந்த மறுவாரமே மாப்பிள்ளையின் பெரியப்பா மாரடைப்பில் போய், கல்யாணம் ஒருமுறை நின்றிருந்தது. 'பொண்ணோட ராசி' என்று அப்போதே பேச்சு. இன்னொரு தடை வந்தால் வேறு பெண் பார்த்துக்கொள்வோம் என்று இதே வேதாசலம் சொன்னார். அன்றைக்கு வீடு தேடி வந்து சமாதானம் பேசி, புதுத் தேதி வாங்கிக் கொடுத்தவர் தலைவர்தான்.

அவரே இப்படிச் செய்ததுதான் தாங்கவில்லை.

தணிகாசலம் கட்சிக்காரர் ஒருவரைக் கூப்பிட்டார். "வாசல்ல கீதே தலைவர் பேனர், அத அவுத்துடு."

"கல்யாணம் இன்னும் முடியலயேண்ணே."

"அவரு முடிச்சு வெச்சுட்டாரு. அவுத்துடு. நாளைக்கு நானும் பொறுப்ப ராஜினாமா பண்ணி எழுதிக் குடுத்துடப் போறேன்."

கடைசிப் பந்திக்கு மோர் ஊற்றிக்கொண்டிருந்தபோது தலைவரின் உதவியாளர் வலியுல்லா போனில் வந்தார்.

"பந்தி முடிஞ்சுதாண்ணே?"

"எதுக்கு? உங்காளுக்கு சாப்பாடு கட்டி அனுப்பணுமா?"

"இல்லண்ணே. பொண்ணு மாப்ள கிளம்பிட்டாங்களா?"

"இப்பத்தான் மாப்ள ஊட்டுக்குக் கிளம்பினாங்க. இன்னா விஷயம், சொல்லு."

"அவங்க கிளம்பினப்புறம்தான் சொல்லணும்னு தலைவர் சொன்னாரு. பாப்பா தவறிடுச்சுண்ணே."

தணிகாசலம் பந்தியை விட்டுத் தள்ளி வந்தார்.

"எப்போ?"

"விடியக்காலைல."

"தலைவர் இங்க வந்தாரேப்பா."

"அதுக்கப்புறம்தான் வந்தாரு. வரலன்னா விஷயம் தெரிஞ்சு கட்சிக்காரங்க மொத்தமும் மண்டபத்த விட்டுட்டு இங்க ஓடி வந்துடுவாங்க, கல்யாணம் மறுபடி நின்னுடும்னாரு."

பேனர் அவிழ்த்த வாசலைப் பார்த்தார் தணிகாசலம்.

"அந்தத் தாலி விஷயத்தத் தப்பா எடுத்துக்காதீங்கண்ணே. சாவு, தீட்டுன்னு அவருக்கு எந்த நம்பிக்கையும் கிடையாது. உங்க சம்பந்தி ஊட்ல இருக்குமேன்னுதான் தொடலயாம்."