தெரியாமப் பட்ட கை

"இனிமே மூணு பட்டனையும் சேத்து அமுக்குனாலும் சர்வர் அணையாது, அண்ணாச்சி" என்றான் சர்வரைப் பழுது பார்க்க வந்த துல்கர்னைன். "எதுக்கும் மத்தியானம் வரை இருந்து பாத்துட்டுப் போறேன்."

உமாசங்கருக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. தென்காசியில் அவர் நடத்தும் டேட்டா என்ட்ரி ஆபீசில் ஒரு வாரமாக இதே கூத்து. மத்தியானம் ஆனால் சர்வர் அணைந்துவிடும். அது மறுபடி ஓடத் தொடங்குவதற்குள் ஆபீசே எழுந்து வெளியே போய்விடும்.

எல்லாம் மஞ்சுவால் வந்த வினை. அவள் கீபோர்டும் சர்வர் கீபோர்டும் ஒரே மேசையில் இருந்தன. தன் கம்ப்யூட்டரைத் திறக்க அமுக்கவேண்டிய மூன்று பட்டன்களையும் சர்வரில் அமுக்கிவிடுவாள்.

"தெரியாம கை பட்டுட்டு சார்" என்பாள்.

"தெனமுமா கை படும்? படிச்ச பிள்ளைதானே நீ?" என்று அத்தனை பேர் முன்னாலும் வைவார் உமாசங்கர். அவள் தலை நிமிரமாட்டாள்.

இன்று மத்தியானமும் வந்தது. சர்வர் அணையவில்லை. உமாசங்கர் சந்தோஷமாக டீ சொல்லப் போனார்.

"அண்ணாச்சி, இங்கன வாங்க" என்று தணிந்த குரலில் கூப்பிட்டான் துல்கர்னைன். "அந்தப் பிள்ளை மறுபடியும் மறுபடியும் அதே மூணு பட்டனை அமுக்குது. கை பட்டா ஒரு தடவை படும். இது தெரிஞ்சே செய்யுத மாதிரில்லா இருக்கு?"

உமாசங்கருக்குச் சுர்ரென்று ஏறியது. நேரே மஞ்சுவிடம் போனார்.

"எவன் சொல்லி எந்தொழிலைக் கெடுக்கே? எந்திரி!"

அவள் எழவில்லை. துப்பட்டாவை நெஞ்சோடு இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"எந்திரிக்கச் சொல்லுதேன்லா!"

எழுந்தாள். துப்பட்டா நழுவியது. நெஞ்சுப் பக்கம் சுடிதார் நனைந்து ஒட்டியிருந்தது. துல்கர்னைன் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"வீட்டுக்காரரு பிள்ளையத் தூக்கிட்டு வாசல்ல, சாரல்ல நிக்காரு சார். பசிச்சு அழுவுது" என்றாள் மஞ்சு, அவருக்கு மட்டும் கேட்கும்படி. "சர்வர் ஓடும்போது யாரும் சீட்டை விட்டு எந்திரிக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீய?"

உமாசங்கர் ஒதுங்கி அவளுக்கு வழிவிட்டார்.