மூன்று தட்டு, ஒரு பதில்

ஊருக்குத்தான் உபதேசம் போலிருக்கு! சண்முகசுந்தரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

1986. கொடைக்கானல் மலைச்சரிவில் ஒரு தகரக் கொட்டகை. உள்ளே, மண் சரியும் சத்தம் கேட்டால் சங்கு ஊதி எச்சரிக்கும் கம்ப்யூட்டர். மெமரி ஒரே ஒரு கிலோபைட். இந்தச் சுண்டைக்காய் மெஷினுக்காகத் தனியாக ஒரு கம்ப்யூட்டர் மொழியையே உருவாக்கிய ஞானவேல், ராப்பகலாக அங்கேயேதான் கிடந்தார். சுந்தரி நாயுடுபுரத்திலிருந்து வந்துபோகும் அவருடைய உதவியாளர்.

அந்த மொழியில் பல வேலைகள் மாறி மாறி ஓடலாம். ஆனால் எழுந்த வேலை முடித்துவிட்டுத்தான் படுக்க வேண்டும். பாதியில் காத்திருந்தால், விட்ட இடத்தை ஞாபகம் வைக்கத் தனி மெமரி வேண்டுமே!

மழை அளவை அச்சடிக்கும் வேலை கொஞ்சம் காத்திருக்க சுந்தரி இடம் கேட்டபோது, “ஒரு பைட்கூட இல்லம்மா” என்று கையை விரித்தவர் அவர்.

இப்போது பார்த்தால், அவரே ரகசியமாக ஒரு வேலையைக் காத்திருக்க விட்டிருக்கிறார். மூன்று தட்டுச் சத்தத்தை எண்ணி முடிக்கும்வரை காத்திருந்து, சங்கை ஒரு தடவை ஊதும். அவ்வளவுதான்.

“இது யாருக்கு சார்?”

ஞானவேல் கடிகாரத்தைப் பார்த்தார்.

மணி நாலு. வெளியே கண் தெரியாத மூடுபனி. சரிவின் கீழிருந்து தகரம் தட்டும் சத்தம் வந்தது. டங்... டங்... டங்.

சங்கு தானாக ஒரு தடவை ஊதி அடங்கியது.

கீழே இருந்த காவல் குடிசை போன வருஷம் மண்ணோடு போய்விட்டது. அங்கே ஆளே கிடையாது.

மறுநாள் சுந்தரி அவரிடம் சொல்லாமல் அந்த வேலையை அழித்தாள்.

மணி நாலு. டங்... டங்... டங். சங்கு ஊதவில்லை.

மறுபடியும் மூன்று தட்டு. இந்தத் தடவை பக்கத்தில்.

ஞானவேல் வெலவெலத்துப் போனார். “என்னம்மா பண்ணின? அது வீரம்மா. குடிசையோட செத்துப்போன காவக்காரர் அழகையாவோட சம்சாரம். புத்தி பேதலிச்சு, புருஷனைக் கூப்பிடுது. பதில் வந்தாத்தான் வீட்டுக்குப் போகும்!”

சத்தம் இன்னும் நெருங்கியது. கொட்டகைச் சுவரிலேயே விழுந்தது. கதவு படாரென்று திறந்தது.

“ஐயா! நல்லா இருக்கீங்களா?”

வீரம்மாவுக்கு மூச்சு வாங்கியது. கையில் நசுங்கிய தகர டப்பா.

“நீ அழகையாவைத்தானே கூப்பிடுற?” என்றார் ஞானவேல்.

“செத்தவர எதுக்குங்க கூப்பிடப் போறேன்? அவரும் உங்களாட்டம் தனியாத்தான் கெடந்தாரு. மண்ணு மூடி ரெண்டு நாளு, இருக்கியான்னு ஒருத்தரும் கேக்கல. அதான் உங்கள தெனமும் கேக்குறேன். சங்கு ஊதினா, ஐயா இருக்காருன்னு நிம்மதியாப் போயிருவேன்.”

அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, அவள் பனிக்குள் இறங்கிப் போனாள்.

சுந்தரி கீபோர்டை இழுத்தாள். “மன்னிச்சிருங்க சார். அந்த வேலையை இப்பவே திரும்பப் போட்டுடறேன்.”

“வேண்டாம்மா. இனிமே நானே ஊதுறேன்.” ஞானவேல் சங்கின் சுவிட்சைத் தொட்டார். “நான் செத்துக் கெடந்தாலும் அந்த மெஷின் பதில் சொல்லியிருக்கும்.”