கண்டம் கழிந்த ஞாயிற்றுக்கிழமை

கிணற்றில் தண்ணீருக்கு மேல் தெரிந்த கடைசிப் படியில் நின்று சங்கரராமன் கால் பெருவிரலைத் தண்ணீரில் நனைத்தார். உடனே எடுத்துக்கொண்டார்.

மேலே சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள்.

ஐம்பது வயதில், ஒரு செம்புக்கு மேற்பட்ட தண்ணீரை அவர் தொடுவது அதுதான் முதல் தடவை.

அவருக்கு நீரில் கண்டம். பிறந்த உடனேயே ஜோசியர் அம்பலவாணனின் தகப்பனார் கணித்துச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அவரைக் குளிப்பாட்டுவது வீட்டில் ஒரு காவல் வேலையாகவே நடந்தது. ரிஜிஸ்தர் ஆபீசில் வேலை கிடைத்த பிறகும், வானம் இருட்டினால் லீவு எழுதிப் போட்டுவிடுவார். குற்றாலத்துக்கு ஒரே ஒரு தடவை போய், அருவிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து முறுக்கு தின்றுவிட்டு வந்தார்.

தாமிரபரணிக் கரையில், கல்லிடைக்குறிச்சியில் பிறந்து வளர்ந்த பிரம்மநாயகியை அவருக்குக் கட்டிவைத்தார்கள். வந்த அன்றே மாமியார் அவள் கையில் ஒரு செம்பைக் கொடுத்தாள். புருஷனுக்குக் கண்டம் என்றால் பெண்டாட்டிக்கும் குளிக்க அதே அளவுதான்.

சுதந்திரம் வந்த பிறகு முதல் தடவையாக இந்த ஐப்பசியில்தான் சங்கரன்கோவிலில் மழை விடாமல் பெய்தது. சங்கரராமனின் தோட்டத்துக் கிணற்றில் பாதிக்கு மேல் தண்ணீர் ஏறிவிட்டது. அந்த வாரமே ஜோசியர் அம்பலவாணன் வீடு தேடி வந்து, கண்டம் பௌர்ணமியோடு கழிந்துவிட்டது என்று சொன்னார். காப்பிகூடக் குடிக்காமல் போய்விட்டார்.

சங்கரராமன் அழுதார். பிறகு ஆயத்தம் செய்ய ஆரம்பித்தார்.

தையல்காரர் மைதீன் காக்கித் துணியில் நீச்சலுக்கென்று ஒரு நிக்கர் தைத்தார். மூக்குப்பொடி மட்டைக்குப் பை வேண்டும் என்று சங்கரராமன் கேட்டபோது, மைதீன் அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பையும் வைத்து அதற்குப் பித்தானும் வைத்துக் கொடுத்தார்.

கூடத்தில் பெஞ்சைப் போட்டு, அதில் குப்புறப் படுத்து, தினமும் கை காலை அடித்துப் பழகினார். பிரம்மநாயகி பக்கத்தில் நின்று திருத்தினாள். ஒரு நாள் பெஞ்சிலேயே அவருக்கு மூச்சு முட்டி, முதுகில் தட்டித் தெளிவிக்க வேண்டியிருந்தது.

இப்போது அவர் இடுப்பில் இரண்டு சுரைக்குடுக்கைகள். அதற்கு மேல் ஒரு கயிறு. கயிற்றின் மறுமுனை, தோட்டத்தைப் பயிர்வைக்கும் வேல்சாமியின் கையில்.

"கோமதித்தாயே!" என்று கத்திக்கொண்டு குதித்தார்.

மிதந்தார்.

தண்ணீர் அக்குளில் புகுந்தது, தொடையில் வழுக்கியது, காதுக்குள் என்னவோ சொன்னது. சங்கரராமன் சிரித்தார். சிரிப்பு கிணற்றுச் சுவரில் மோதித் திரும்பி வந்தது. அதைக் கேட்டு இன்னும் சிரித்தார். சிரித்தபடியே நடுக்கிணற்றுக்குப் போய்விட்டார்.

அப்போதுதான் ஜோசியர் வரப்பில் விழுந்தடித்து ஓடிவந்தார். குடுமி அவிழ்ந்து தொங்கியது.

"ஏறிரும் வே! கண்டம் இன்னும் கழியலை. ரெண்டு வருசம் பாக்கி கெடக்கு!"

சிரிப்பு நின்றது. வேல்சாமி கயிற்றை இழுக்கப் போனான். அதற்குள் ஜோசியர் சூரியனை அண்ணாந்து பார்த்துவிட்டு அவன் கையைப் பிடித்தார்.

"இழுக்காதே! எமகண்டம் வேற நடக்கு. இப்ப அசைஞ்சா ஆளே போயிருவாரு."

எமகண்டம் முடிய இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது.

சங்கரராமன் அசையாமல் கிடந்தார். மூச்சு விடுவது அசைவில் சேருமா என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். சேராது, ஆனாலும் குறைத்து விடுவது நல்லது என்றார் ஜோசியர். சாப்பாட்டு நேரம் ஆகிறதே, கமலைக் கயிற்றில் கட்டித் தயிர்ச்சோறு இறக்கலாமா என்று இன்னொருவர் கேட்டார். மெல்லுவது கட்டாயம் அசைவுதான் என்று முடிவாயிற்று.

ஒரு தவளை வந்து சங்கரராமனின் தோளில் ஏறி உட்கார்ந்தது. அதை விரட்ட வேண்டாம் என்று மேலிருந்து சொன்னார்கள்.

பிரம்மநாயகி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். சேலையை வரிந்து இழுத்துச் செருகினாள். கழுத்துச் சங்கிலியைக் கழற்றி ஜோசியர் கையில் வைத்தாள்.

குதித்தாள்.

இந்தச் சுவரோரம் முங்கியவள் அந்தச் சுவரோரம் எழுந்தாள். மல்லாந்து படுத்து, வானத்தைப் பார்த்துக்கொண்டே கிணற்றை ஒரு சுற்றுச் சுற்றினாள். அவள் முகம் அப்படி இருந்து ஊரில் யாரும் பார்த்ததில்லை. சங்கரராமனும் பார்த்ததில்லை.

அவர் அருகில் வந்து சுரைக்குடுக்கைகளில் ஒன்றை அவிழ்த்துவிட்டாள்.

"காலை அடிங்க. பெஞ்சில அடிச்ச மாதிரி."

"ஜோசியர் என்னமோ சொல்லுதாரே?" என்றார் சங்கரராமன், உதட்டை அசைக்காமல்.

"சொல்லட்டும். நான் பக்கத்துலதான கெடக்கேன். அடிங்க."

அடித்தார். தண்ணீர் நாலு பக்கமும் தெறித்தது. தவளை தாவிப் போயிற்று. படி வரைக்கும் நீந்திப் போன சங்கரராமன், படியைத் தொட்டுவிட்டு, ஏறாமல் திரும்பினார். எமகண்டம் முடிந்தது. சாப்பாட்டு நேரமும் முடிந்தது. கயிற்றைப் பிடித்துப் பிடித்துக் கை ஓய்ந்த வேல்சாமி, அதைப் பூவரச மரத்தில் கட்டிவிட்டு உட்கார்ந்தான்.

ஜோசியர் மட்டும் சங்கிலியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"நான் அன்னைக்கே மாட்டேன்னு சொன்னேன்" என்றார், யாரிடம் என்றில்லாமல்.

சொல்லத்தான் செய்தார். ஐப்பசி அடைமழையில் குடை பிடித்துக்கொண்டு தனியாக வந்து அவர் வாசலில் நின்று, கண்டம் கழிந்துவிட்டதாகச் சொல்லச் சொன்ன பிரம்மநாயகியிடம், இல்லாததைச் சொல்லி என்னால் கண்டத்தைக் கழிக்க முடியாது, இன்னும் இரண்டே வருஷம், பொறுத்துக்கொள்ளுங்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

அவள் குடையை மடக்கக்கூட இல்லை.

"ரெண்டு வருசம் கழிச்சும் கிணத்துல தண்ணி கெடக்கும்னு எழுதித் தாங்க, ஜோசியரே. பொறுத்துக்கிடுதேன்."