காற்று வரும் வழி

அவன் மறுபடியும் காரின் ஏசிக் குமிழைத் திருப்பினான். ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு.

சத்தம் ஏறியது. காற்று ஏறவில்லை.

ஏசித் துவாரத்தின் முன்னால் உள்ளங்கையை விரித்துப் பிடித்தான். ஏதோ ஒன்று விரல் நுனியைத் தொட்டது. அவ்வளவுதான்.

"எனக்கு வந்ததே வண்டிக்கும் வந்துருச்சு போல. மூச்சு முட்டுது பாவம்" என்றாள் வண்டியில் வந்த பெண்.

"சும்மா இரு தவமணி" என்றார் அவள் கணவர்.

பாடாலூர் தாண்டி, நெடுஞ்சாலை ஓரத்தில் அவன் பட்டறை. சித்திரை மாதம். உச்சி வெயில்.

அவள் தகரக் கூரையின் நிழலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மஞ்சள் சேலை. தலையில் இறுகச் சுற்றிய மஞ்சள் துணி. புருவங்களும் இல்லை.

பட்டறையில் இருந்த ஒரே டேபிள் ஃபேனை அவன் அவள் பக்கம் திருப்பி வைத்தான். அது வெக்கையைத்தான் வீசியது.

பானெட்டைத் திறந்து குழாயைத் தொட்டான். சில்லென்று வியர்த்திருந்தது. கேஸ் இருக்கிறது. குளிர் இருக்கிறது. உள்ளே வரத்தான் வழியில்லை.

கணவர் பக்கத்தில் வந்து நின்றார்.

"சீக்கிரம் முடிஞ்சிருமா தம்பி? சமயபுரம் போகணும்."

"சமயபுரம் இங்கிருந்து அரை மணி நேரம்தானே சார். கண்ணாடிய இறக்கிவிட்டுப் போனா..."

"தூசி ஆகாது அவளுக்கு. இருமல் வந்தா நிக்காது."

பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"பையன் மூளைக்காய்ச்சல்ல கெடந்தப்ப, பொழச்சா முடி தரேன்னு ஆத்தாகிட்ட வேண்டிக்கிட்டா. பொழச்சுட்டான். இந்த வருசம், அடுத்த வருசம்னு நாங்கதான் தள்ளிக்கிட்டே போனோம். அதுக்குள்ள இந்த வியாதி. மருந்து ஏத்துன ரெண்டாம் மாசமே அத்தனையும் கொட்டிருச்சு. இப்ப டாக்டரும் இனிமே கூட்டிட்டு வர வேண்டாம்னுட்டாரு."

துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார்.

"வெறுந்தலையோட போயி என்னத்தக் குடுக்கன்னு கேட்டுக்கிட்டே இருக்கா."

அவன் வேலைக்குத் திரும்பினான்.

முன்னிருக்கைக்கு எதிரே இருந்த பெட்டியைக் கழற்றினான். தூசி தடுக்கும் ஃபில்டர் இருக்க வேண்டிய இடம் காலி. அடைத்துக்கொண்டது என்று எந்தப் பட்டறையிலோ எடுத்துப் போட்டுவிட்டு, புதிது வைக்காமல் அனுப்பியிருக்கிறார்கள்.

அப்படியானால் எல்லாம் நேரே காற்றைத் தள்ளும் புளோயருக்குத்தான் போயிருக்கும்.

மல்லாந்து படுத்து, மூன்று திருகாணிகளைக் கழற்றி, அதைக் கீழே இறக்கினான்.

கூண்டு போன்ற அதன் சக்கரமே தெரியவில்லை.

முடி.

கறுப்பு முடி. முழ நீளம். சுற்றிச் சுற்றி இறுகி, தூசியோடு ஒரு கைப்பிடி.

கண்ணாடி ஏற்றிய வண்டி. உள்காற்றை இழுக்கும் துளை, முன்னிருக்கையின் காலடியில். ஆஸ்பத்திரிக்குப் போய் வந்த மாதமெல்லாம் அவள் அந்த இருக்கையில்தான் உட்கார்ந்திருப்பாள்.

பிளேடை எடுத்தான். குறுக்கே இரண்டு கீறு. ஐந்து நிமிட வேலை. சணலோ நூலோ சிக்கினால் அப்படித்தான் எடுப்பான்.

பிளேடு முடியைத் தொட்டது.

நின்றது.

தலையைத் திருப்பிப் பார்த்தான். அவள் கண்களை மூடியிருந்தாள். உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

பிளேடைக் கீழே வைத்தான். எழுந்து போய் சோப்புப் போட்டுக் கைகளைக் கழுவினான். கிரீஸ் நகக்கண்ணில் நின்றது. மறுபடியும் கழுவினான்.

பிறகு சக்கரத்தை எதிர்ப்பக்கமாகச் சுற்றி, இழை இழையாகப் பிரிக்கத் தொடங்கினான்.

"என்ன தம்பி, இவ்வளவு நேரமா?"

"கொஞ்சம் சிக்கு சார்."

ஒரு மணி நேரம் போயிற்று. நிழல் நகர நகர, இரண்டு முறை எழுந்து வந்து அவள் நாற்காலியை நகர்த்திப் போட்டான்.

எடுத்ததைக் குடத்து நீரில் அலசி, வெயிலில் விரித்தான். அந்த வெயிலில் ஐந்தே நிமிடத்தில் உலர்ந்துவிட்டது. சாப்பாட்டுக்கு வாங்கி வைத்திருந்த வாழையிலையில் வைத்து அவள் முன் நீட்டினான்.

அவள் தொடவில்லை. கை தலைத்துணி வரை போய்த் திரும்பியது.

"வீட்ல உதிர்ந்தா பையன் பாத்துட்டு அழுவான்னு, வண்டியிலயே கோதிக் கோதிக் கீழ விட்டேன்" என்றாள்.

பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"உதிர்ந்தத ஆத்தா ஏத்துக்குவாளா தம்பி?"

"உங்ககிட்ட இருக்கறது இதுதானேக்கா."

கணவர் சாலைப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

புளோயரை மாட்டினான். புது ஃபில்டர் வைத்தான். குமிழ் ஒன்றில் நிற்கும்போதே காற்று பாய்ந்து வந்தது.

அவள் ஏறி உட்கார்ந்தாள். குளிர்ந்த காற்று முகத்தில் பட்டது. கண்ணை மூடி, ஒரு கணம் அப்படியே இருந்தாள்.

பிறகு மடியில் இலையை விரித்தாள்.

ஓர் இழை எழும்பியது. இன்னொன்று. அவள் இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டாள்.

"கோயில் வர்றதுக்குள்ள சிக்கெடுத்துருவேன்" என்றாள். "இந்தக் காத்த மூடிடு தம்பி."



அவன் குனிந்து, துவாரத்தின் தகடுகளை விரலால் சாய்த்தான். கடைசி இடுக்கும் அடைபடும் வரை, காற்று அவன் கையில் சில்லென்று வந்துகொண்டே இருந்தது.