ஊதாத சங்கு

“எழுந்திருடி. எல்லாரும் பார்க்கறாங்க.”

காயவைத்த பச்சைச் செங்கல் வரிசைகளுக்கு நடுவே தங்கை கண்ணை மூடிக் கிடந்தாள். அண்ணனுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. சூளையில் வேலைக்குச் சேர்த்துவிட்டு ஒரு வாரம்கூட ஆகவில்லை, அதற்குள் இரண்டாவது மயக்கம்.

“மயக்கமா, தூக்கமா?” என்று கேட்டுக்கொண்டே வந்தார் மேஸ்திரி. “மீட்டர் என்னப்பா சொல்லுது?”

“முள்ளு பச்சையிலதாங்க நிக்குது. சிவப்பைத் தொட்டாத்தானே சங்கு ஊதும்?” என்றான் மீட்டருக்குக் காவல் இருக்கும் அண்ணன்.

களத்தில் நிற்பவர்கள் உடம்பில் ஏறும் சூட்டை அளக்கும் கருவி அது. கம்பத்தின் உச்சியில் ஒரு கறுப்புக் குண்டு, கீழே ஒரு முள். சூடு அளவு மீறினால் சங்கு தானாக ஊதும். எல்லாரும் வேலையைப் போட்டுவிட்டு ரோட்டோரக் கொட்டகைக்குப் போய்விட வேண்டும், அது சட்டம்.

“போன வருஷம் தினமும் ஊதுச்சே?” என்றாள் கல் சுமக்கும் பெண்களில் வாயாடி என்று பெயரெடுத்த அக்கா. “இந்த வருஷம் அதுக்குத் தொண்டை கட்டிக்கிச்சா?”

“அது கெட்டுப்போன மீட்டரு. இது புதுசு. பொய் சொல்லாது” என்றான் அவன்.

பழையதன் வயர் வெயிலில் வெடித்தது, குண்டைக் காக்கை கொத்தியது, மிச்சத்தை ஆடு முட்டிச் சாய்த்தது. “இதுவும் போச்சுன்னா, கூடவே நீயும் போயிடு” என்று முதலாளி அவனிடம் சொல்லியிருந்தார். அதனால் புதியதை அவன் கண்ணில் வைத்துக் காத்தான். சுற்றிலும் கம்பி வேலி, வயருக்குக் குழாய், காக்கைக்கும் வெயிலுக்கும் மேலே இரட்டை மடிப்பில் பச்சை வலை. காவலுக்கு அதன் அடியிலேயே நாற்காலி போட்டு அவன்.

தங்கை முழங்கையை ஊன்றி எழுந்தாள். “சத்தியமா முடியலண்ணே. கண்ணு இருட்டுது.”

“வெயில் உனக்கு மட்டும்தான் அடிக்குதா? நானும் இதே களத்துலதான் காலையிலேர்ந்து உட்கார்ந்திருக்கேன். எனக்கு வேர்க்கக்கூட இல்ல!”

மேஸ்திரி சிரித்தார். பெண்கள் சிரிக்கவில்லை.

“உனக்காக இவரு கால்ல விழாத குறையாக் கேட்டேன்” என்று அவன் குரலைத் தாழ்த்தினான். “மீட்டர்காரன் தங்கச்சி வேலைக்கு வளையமாட்டான்னு நாளைக்கு ஊரே பேசும். என் மானத்தை வாங்காத.”

தங்கை எழுந்து நின்றாள். சும்மாட்டை எடுத்துத் தலையில் வைத்தாள். செங்கற்களை அடுக்கித் தூக்கினாள், நாலு எட்டு நடந்தாள்.

அவனுக்குக் கொஞ்சம் தலை நிமிர்ந்தது. “பார்த்தீங்களா, எல்லாம் சோம்பல்தான்” என்று மேஸ்திரியிடம் திரும்பினான்.

பின்னால் செங்கற்கள் சரிந்து உடையும் சத்தம் கேட்டது.

இந்தத் தடவை அவள் கூப்பிட்டும் அசையவில்லை. உதடு வெளுத்து, உடம்பு அனலாகக் கொதித்தது. மேஸ்திரியின் சிரிப்பு எங்கோ போயிற்று.

“கொட்டகை அந்தக் கோடியில இருக்கு, அதுவரைக்கும் தாங்காது. முதல்ல நிழலாப் பார்த்துப் படுக்கவைங்க! யாராவது தண்ணி கொண்டாங்க!”

கல் காய வேண்டும் என்று களத்தில் ஒரு செடியைக்கூட விட்டுவைத்ததில்லை. ஆனால் எங்கே என்று பெண்கள் கேட்கவில்லை. கையும் காலுமாக அவளைத் தூக்கிக்கொண்டு நேரே கம்பி வேலியைப் பார்த்து ஓடினார்கள்.

அவன் பதறிப்போய் முந்தி ஓடி, வேலிக் கதவை மறித்து நின்றான். “ஏய், ஏய்! மீட்டர்ல இடிச்சுடுவீங்க! வேற எங்கயாவது கொண்டு போங்க!”

வாயாடி அக்கா அவன் முகத்தை ஒரு கணம் பார்த்தாள். முதல்முறையாக அவள் குரல் உயரவில்லை.

“வழியை விடு தம்பி. இந்தக் களத்துல நிழல் இருக்கறதே இங்க மட்டும்தான்.”