எட்டிப் பார்க்காத திரை

கால்பந்து உலகக் கோப்பை அரையிறுதியில் தன் அபிமான அணி தோற்றது பல் டாக்டருக்கு இன்னும் ஆறவில்லை.

"பந்து கையில படவே இல்ல, பெனால்டி குடுத்துட்டான் அந்த நடுவர். பக்கத்துலயே வீடியோ திரை இருக்கு. எட்டிப் பாத்தா குறைஞ்சா போயிடுவான்?"

வாயைப் பிளந்து கிடந்த நோயாளி, "ஆ... ஆ..." என்றபடி இரண்டு விரல்களால் காற்றில் ஒரு கட்டம் போட்டுக் காட்டினார்.

"அதேதான். நம்ம பசங்களும் திரையைப் பாருன்னு இப்படித்தான் கட்டம் போட்டுக் கெஞ்சினாங்க. அவன் காதுலயே போட்டுக்கல."

நோயாளி இன்னும் வேகமாகக் கட்டம் போட்டார்.

"உங்களுக்கும் என்னை மாதிரியே கொதிக்குது," என்ற டாக்டர், ஒரே இழுப்பில் பல்லைப் பிடுங்கித் தட்டில் போட்டார்.

பஞ்சோடு உள்ளே வந்த நர்ஸ் தட்டைப் பார்த்தாள். டாக்டரின் முதுகுக்குப் பின்னால் எரிந்துகொண்டிருந்த எக்ஸ்ரே திரையையும் பார்த்தாள்.

"சொத்தைப் பல்லு இடது பக்கம்தானே டாக்டர்? நீங்க திரையைப் பாக்கவே இல்லையா?"