முப்பத்தேழாம் பக்கம்

“மறுபடியும் அட்டைதான் வருது!” என்று கிதே போனில் கத்தியதில் அலுவலகத்தில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

“முப்பத்தேழாம் பக்கத்துக்கே நேராப் போற மாதிரி லிங்க் அனுப்பியிருக்கேன். என் கம்ப்யூட்டர்ல ஒழுங்காத் திறக்குது. உன் ஓட்டைப் போன்ல திறக்கலைன்னா நான் என்ன பண்ண?” என்றாள் மறுமுனையில் நாரே.

கொரியாவின் இஞ்சியோனில் கட்டப்படும் புது அடுக்குமாடியில் வீடு கேட்டு விண்ணப்பிக்க மாலை ஐந்தரை வரைதான் நேரம். அப்போதே மணி ஐந்து எட்டு. விதிமுறைகள் மட்டும் அறுபத்தெட்டுப் பக்கத்துக்கு ஒரு பி.டி.எஃப்.

இதுவரை நடந்த வீடு ஒதுக்கும் குலுக்கல்களில் அவள் பெயரில் ஒன்பது முறை, அவன் பெயரில் பதினோரு முறை போட்டாயிற்று. ஒரு முறைகூட விழவில்லை. இதையும் விட்டால் இந்தப் பக்கம் வீடு என்பது கனவில்தான்.

“என்ன எழுதியிருக்குன்னு நீயே வாயால சொல்லித் தொலையேன்!”

“சொல்ல மாட்டேன். நீயே படி. எல்லாம் நிரப்பிட்டேன், ஒரே ஒரு கட்டம் பாக்கி. நீ படிச்சாத்தான் அதை நிரப்புவேன்.”

“நேரம் காலம் தெரியாம என்ன பிடிவாதம் இது?”

பக்கத்து மேஜையில் இருந்த, ஓ என்ற குடும்பப் பெயர் கொண்ட அண்ணன் காபியை உறிஞ்சியபடி சிரித்தார். “என்ன தம்பி, வீட்டுச் சண்டையா?”

“வீட்டுக்காகச் சண்டை, அண்ணே.”

கிதே விரலால் தள்ளித் தள்ளிக் கீழே இறங்கினான். பாதி வழியில் திரை உறைந்து, மறுபடியும் அட்டைக்கே வந்து நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டு முதலிலிருந்து தள்ளினான்.

“அப்பாடா, முப்பத்தேழு! ‘ஒரு வீட்டுக்கு ஒரு கார் மட்டுமே நிறுத்தலாம்.’ ஓகோ, என் காரை விக்கணும். இதுக்கா இவ்வளவு நாடகம்? வித்துடறேன், போதுமா?”

“காரா?” நாரேவுக்கு அழுகையே வந்துவிட்டது. “ஐயோ, அது கீழே அச்சடிச்சிருக்கிற நம்பர்! லிங்க் அட்டையிலிருந்து எண்ணுது. அட்டை, பொருளடக்கம்னு முன்னாடி நாலு பக்கம் இருக்கே. நீ முப்பத்துமூணைப் பாரு!”

“இதை முன்னாடியே சொல்றதுக்கென்ன?”

“எனக்கே இப்பத்தான் உறைச்சுது. கத்தாதே. காலையிலிருந்து நான் தண்ணிகூடக் குடிக்கல.”

கிதே நாலு பக்கம் மேலே போனான். எரிச்சல் அடங்காமல் உரக்கவே படித்தான்.

“‘புதுமணத் தம்பதிகளுக்கு முன்னுரிமை உண்டு. ஓராண்டுக்குள் திருமணம் செய்துகொள்ளப் போகிறவர்களும், இருவர் பெயரையும் சேர்த்து…’”

குரல் நின்றது. எட்டிப் பார்த்த ஓ அண்ணன், காபிக் கோப்பையோடு சத்தமில்லாமல் எழுந்து நகர்ந்தார். மணி ஐந்து இருபத்திரண்டு.

“கிதே… இருக்கியா?”

“மாப்பிள்ளைங்கற இடத்துல என் பேரைப் போடு.”